செய்வதை மெனுவில் சொல்லுங்கள்: எடிட்டர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் குழு புரோகிராம் எழுதத் தினமும் திறக்கும் எடிட்டரை உருவாக்குகிறவர்களுக்கு,

கடைசியாக வந்த பெரிய பதிப்பில் ‘மெனுவை எளிமையாக்கியிருக்கிறோம்’ என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அந்த எளிமை எங்களில் ஒருவருடைய அன்றைய உழைப்பை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. முறைப்படி புகார் பதிந்தோம். ‘இது வடிவமைப்பு முடிவு, பயனர்கள் பழகிக்கொள்வார்கள்’ என்று ஒற்றை வரியில் பதில் எழுதி மூடிவிட்டீர்கள். அதன் கீழே யாரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டும் போட்டுவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல்.

நடந்ததைச் சொல்கிறேன். மாறிய ஃபைல்களைக் காட்டும் பலகத்தில் ரைட் கிளிக் செய்தால் முன்பெல்லாம் ‘டிஸ்கார்ட் சேஞ்சஸ்’ (மாற்றங்களை எறிவது) என்று ஒரு வரி வரும். கொஞ்சம் பயமுறுத்தும் பெயர்தான். ஆனால் பயப்பட வேண்டிய வேலையைத்தானே அது செய்தது? புதிய பதிப்பில் அதே இடத்தில் ‘கிளீன் அப்’ என்று இருக்கிறது, பக்கத்தில் சின்னதாக ஒரு துடைப்பம். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு டெவலப்பர், ரிவ்யூவுக்கு அனுப்புமுன் எழுதியதைச் சீர்படுத்த நினைத்தார். பயன்படாத இம்போர்ட் வரிகள், வரிக் கடைசியில் தொங்கும் இடைவெளிகள், இதையெல்லாம் எடுத்துத் தரும் என்று நம்பி அதை அழுத்தினார். ‘கிளீன் அப் வொர்க்கிங் ஃபோல்டர்?’ என்று ஒரு பெட்டி வந்தது. கீழே ஓகே, கேன்சல். எந்த ஃபைல், எத்தனை ஃபைல், என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. சுத்தம் செய்வதை யார் வேண்டாம் என்பார்கள்? ஓகே கொடுத்தார்.

மாற்றிய ஃபைல்கள் எல்லாம் கடைசி கமிட்டில், அதாவது கடைசியாகப் பதிந்து வைத்ததில், இருந்த நிலைக்குத் திரும்பின. அன்று புதிதாக உருவாக்கிய ஃபைல்கள் காணாமலே போயின. இந்த இரண்டாவதுதான் கொடுமை. ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட், தன்னிடம் ஒப்படைத்ததை மட்டும்தான் காப்பாற்றும். கமிட் செய்திருந்தால் ரெஃப்லாக் என்ற அதன் குறிப்பேட்டில் தேடி எடுக்கலாம். கமிட் செய்யாமல் ‘ஆட்’ மட்டும் (கமிட்டுக்காக எடுத்து வைப்பது) செய்திருந்தாலும் உள்ளடக்கம் ரெப்போவுக்குள், அதாவது கிட்டின் சேமிப்பிடத்துக்குள், எங்காவது கிடக்கும், துழாவி மீட்டுவிடலாம். ஒருமுறைகூட ஆட் செய்யாத புது ஃபைலுக்கு அந்த வழியும் கிடையாது. உங்கள் எடிட்டர் அதை ரீசைக்கிள் பின்னுக்காவது அனுப்பியிருக்கலாம். அதுவும் இல்லை, நேராக அழித்துவிட்டது.

அந்த மெனுப் பெயரை அவர்தான் தவறாகப் புரிந்துகொண்டார் என்ற தொனி உங்கள் பதிலில் தெரிந்தது. சரி, வேறு எப்படிப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்? எக்லிப்ஸ் என்ற இன்னொரு எடிட்டரில் ‘சோர்ஸ்’ மெனுவின் கீழ் இதே ‘கிளீன் அப்’ இருக்கிறது. அது செய்வது அவர் எதிர்பார்த்த அதே வேலை, புரோகிராம் கோடைச் சீர்படுத்துவது. கிட் போன்ற இன்னொரு கருவியான சப்வெர்ஷன் பயன்படுத்தியவர்களுக்கு ‘கிளீனப்’ என்றால் பாதியில் நின்றுபோன வேலையால் பூட்டிக்கொண்ட ஃபோல்டரை விடுவிப்பது. எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றும் பில்ட் கருவிகளில் ‘கிளீன்’ என்றால் முந்தைய பில்டில் உருவானவற்றை நீக்குவது, நாம் எழுதிய சோர்ஸை அது தொடாது. கிட் கட்டளை வரியில் ‘கிளீன்’ என்றால் கிட் கண்காணிக்காத ஃபைல்களை அழிப்பது. ஒரே சொல்லுக்குள் இத்தனை வேலைகள், அதில் பலவும் யாருக்கும் தீங்கு செய்யாதவை. இருப்பதிலேயே ஆபத்தான அர்த்தத்தைத் தேர்ந்தெடுத்து, அதோடு மாற்றங்களைத் தூக்கி எறிவதையும் சேர்த்து, மேலே துடைப்பம் ஒட்டியது நீங்கள்.

இது உங்களுக்குப் புதிதாக வந்த சிக்கலும் இல்லை. 2017-இல் விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற வேறொரு எடிட்டரில் ‘டிஸ்கார்ட் ஆல் சேஞ்சஸ்’ அழுத்திய ஒருவருக்கு ஆயிரக்கணக்கான ஃபைல்கள் போயின. ஏற்கனவே இருந்த ஃபோல்டரை அப்போதுதான் சோர்ஸ் கண்ட்ரோலுக்குள் (கிட் போன்ற பதிவு முறைக்குள்) கொண்டுவந்திருந்தார். எதுவுமே கமிட் ஆகவில்லை, ஆகவே எடிட்டரின் கணக்கில் எல்லாமே ‘மாற்றம்’. அவர் கோபத்தில் எழுதியது அந்தத் துறையில் இருக்கும் பலரும் படித்த ஒன்று. அதற்குப் பிறகு அங்கே எச்சரிக்கை வாசகத்தைக் கடுமையாக்கினார்கள், திரும்பக் கிடைக்காது என்பதை அப்பட்டமாக எழுதினார்கள். ‘டிஸ்கார்ட்’ என்று வெளிப்படையாகச் சொல்லியே அப்படி ஒரு விபத்து. நீங்களோ இருந்த எச்சரிக்கையையும் மெனுவிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

அப்புறம் ‘சிங்க்’.

ஃபெட்ச், புல், புஷ் என்று மூன்று வரிகள் இருந்ததை ஒன்றாக்கிவிட்டீர்கள். திரையில் இடம் மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மூன்றும் ஒரே வேலையின் மூன்று பாகங்கள் கிடையாது. ஃபெட்ச் என்பது எட்டிப் பார்ப்பது. சர்வரில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன், என் ஃபைல்கள் அசையாது. புல் செய்தால் அந்த மாற்றங்கள் என் பிராஞ்சுக்குள், அதாவது என் வேலைக் கிளைக்குள், வந்து கலக்கும், ஒரே இடத்தை இருவர் மாற்றியிருந்தால் மோதலும் வரலாம். புஷ் செய்தால் என் வேலை அடுத்தவர் கண்ணில் படும், தானியங்கி பில்ட் ஓடத் தொடங்கும். முதலாவதை யோசிக்காமல் அழுத்தலாம். மூன்றாவதை யோசித்துத்தான் அழுத்த வேண்டும். மூன்றையும் ஒரே பட்டனில் அடைத்தால், யோசிக்காமல் அழுத்துகிற பழக்கம்தான் ஜெயிக்கும்.

எங்களிடம் அதுதான் நடந்தது. மற்றவர்கள் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்க்க மட்டும் ஒருவர் ‘சிங்க்’ அழுத்தினார். அவரிடம் அரைகுறையாக நின்ற கமிட்டுகள், ‘பிறகு சரிசெய்யணும்’ என்று குறிப்பு எழுதி வைத்திருந்தவை, பொது பிராஞ்சுக்குப் போய் உட்கார்ந்தன. பில்ட் உடைந்தது. அன்று காலை வந்து புல் செய்தவர்கள் எல்லாரும் தங்கள் கோடில்தான் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடிலும் சிங்க் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே புல்லும் புஷ்ஷும் தனியாகவும் கிடைக்கும். சிங்க்கை அழுத்தினால், இது கமிட்டுகளை எடுத்துக்கொள்ளும், அனுப்பவும் செய்யும் என்று முதலில் சொல்லிக் கேட்கும். பெயர் மங்கலாக இருந்தாலும் கேள்வி தெளிவாக இருக்கிறது. உங்களிடம் இரண்டுமே இல்லை.

மூன்றாவது விஷயம் புதிய பதிப்பில் வந்தது இல்லை, வருஷக்கணக்காகக் கிடப்பில் கிடப்பது. மோதல் வந்தால் நீங்கள் காட்டும் ‘கீப் மைன்’, ‘கீப் தெர்ஸ்’. மெர்ஜ் செய்யும்போது (இரண்டு பிராஞ்சுகளை இணைக்கும்போது) இவை சொன்னபடி நடக்கின்றன. ரீபேஸ் செய்யும்போது தலைகீழாகின்றன. காரணம் எனக்குத் தெரியும். ரீபேஸில் கிட் முதலில் அடிப்படைப் பிராஞ்சின் மேல் போய் நின்றுகொண்டு, என் கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் வைக்கிறது. அது நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அடிப்படைப் பிராஞ்ச்தான் ‘அவர்ஸ்’ (நம்முடையது), என் கமிட்டுகள்தான் ‘தெர்ஸ்’ (அவர்களுடையது). கிட் ஆவணத்திலேயே இதை எச்சரித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நான். ‘மைன்’ என்று ஒரு பட்டன் இருந்தால் அது என்னுடையது என்றுதானே அர்த்தம்? கிட்டின் உள்விவகாரத்தை அப்படியே தூக்கி என் முகத்துக்கு முன்னால் பட்டனாக வைத்ததால், ‘என்னுடையதை வைத்துக்கொள்’ என்று அழுத்துகிறவரின் வேலை காணாமல் போகிறது. பிராஞ்சின் பெயரையோ, கமிட்டின் தலைப்பையோ அந்தப் பட்டனில் எழுதினால் முடிந்தது. அந்தத் தகவல் உங்கள் எடிட்டரிடம் ஏற்கனவே இருக்கிறது, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் படிக்க முடியாத அளவில் காட்டவும் செய்கிறீர்கள்.

‘எந்தப் பெயர் வைத்தாலும் யாராவது குறை சொல்வார்கள்’ என்று உங்களில் ஒருவர் பொதுக் கலந்துரையாடலில் எழுதியிருந்தார். அதில் பாதி உண்மை. இந்தத் துறையில் சொற்கள் கன்னாபின்னாவென்று கலந்து கிடக்கின்றன. விம் என்ற எடிட்டரில் ‘யாங்க்’ என்றால் காப்பி எடுப்பது, ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் அதே ‘யாங்க்’ என்றால் ஒட்டுவது. சப்வெர்ஷனிலும் அதே வகைக் கருவியான மெர்க்கூரியலிலும் ‘ரிவர்ட்’ என்றால் ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவது, கிட்டில் ‘ரிவர்ட்’ என்றால் முந்தைய கமிட்டுக்கு எதிரான ஒரு புதிய கமிட்டைச் சேர்ப்பது. மெர்க்கூரியலின் ‘புல்’ செய்வது கிட்டின் ‘ஃபெட்ச்’ செய்கிற வேலையை. ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு வருகிறவர் பழைய அர்த்தத்தையும் கூடவே கொண்டு வருவார். அதை யாராலும் தடுக்க முடியாது.

1987-இல் ஃபர்னாஸ், லாண்டவர், கோமெஸ், டுமே ஆகிய ஆய்வாளர்கள் இதைத்தான் அளந்து எழுதினார்கள். ஒரே பொருளுக்கோ செயலுக்கோ தாமாகப் பெயர் சொல்லச் சொன்னால், இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்தையும் எட்டவில்லை. உங்கள் வாதத்துக்கு இது வலு சேர்ப்பது போலத்தான் தெரியும். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு ‘ஆகவே எதையாவது வையுங்கள்’ என்பது இல்லை. ஒரு செயலைத் தேடுகிறவர் எந்தெந்தச் சொல்லால் தேடுவாரோ அத்தனையையும் கணினி ஏற்றுக்கொள்ள வேண்டும், ஒன்றுக்கு எத்தனை மாற்றுப்பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்பதுதான்.

உங்கள் புதிய பதிப்பில் கட்டளைத் தேடல் பெட்டியைத் திறந்து ‘டிஸ்கார்ட்’ என்று அடித்துப் பாருங்கள். ‘பொருந்தும் கட்டளை எதுவும் இல்லை’ என்று வரும். ‘ஃபெட்ச்’ அடித்தாலும் அதேதான். முந்தைய பதிப்பு வரைக்கும் நீங்களே வைத்திருந்த பெயர்கள் இவை! எங்களைப் பழக்கியதும் நீங்கள்தான். மெனுவில் தெரியும் பெயரை மாற்றியதைக்கூட பொறுத்துக்கொள்ளலாம். தேடலில் பழைய பெயரை விட்டுவைப்பதற்கு என்ன செலவு? ஒவ்வொரு கட்டளைக்கும் நாலு சொல் கூடுதலாக எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண் பார்வை இல்லாத ஒரு புரோகிராமர் எங்கள் குழுவில் இருக்கிறார். என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் வேலை செய்கிறார், எங்களில் பலரைவிட வேகமாக. மெனுவை அவர் காதால் படிக்கிறார். ஒரு வரியின் முதல் சொல் காதில் விழுந்ததுமே வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்து அடுத்ததற்குப் போய்விடுவார். அல்லது முதல் எழுத்தை அடித்து நேராக அந்த வரிக்குத் தாவுவார். ‘ஒரே சீராக இருக்கட்டும்’ என்று நீங்கள் ‘மேனேஜ் பிராஞ்சஸ்’, ‘மேனேஜ் ரிமோட்ஸ்’, ‘மேனேஜ் டேக்ஸ்’, ‘மேனேஜ் ஸ்டாஷஸ்’ என்று வரிசையாக மாற்றினீர்கள். இப்போது அவர் ‘எம்’ அடித்தால் எல்லா வரியிலும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ‘மேனேஜ்’ என்பதைக் கேட்டு முடித்த பிறகுதான் வேண்டிய சொல் வருகிறது. ஆல்ட் விசையோடு சேர்த்து அழுத்தும் எழுத்துகளும் பெயர் மாறியதோடு மாறிவிட்டன. எந்தக் குறிப்பிலும் அது இல்லை. கையில் பதிந்துபோன விசை வரிசை ஒரே இரவில் வேறு எதையோ திறக்கத் தொடங்கியது. அவர் இதைப் பற்றி எழுதிய புகாருக்கு நீங்கள் இன்னும் பதிலே எழுதவில்லை.

மூன்று புள்ளி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மெனு வரியின் கடைசியில் மூன்று புள்ளி இருந்தால், அழுத்தியதும் வேலை நடந்துவிடாது, மேற்கொண்டு விவரம் கேட்கும் என்று பொருள். ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டியிலும் மைக்ரோசாஃப்டின் வழிகாட்டியிலும் இருக்கும் பழைய மரபு இது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் விஷயங்களில் ஒன்று: ‘புள்ளி இருந்தால் தைரியமாக அழுத்திப் பார், பின்வாங்கலாம்.’ திரை தெளிவாக இருக்கட்டும் என்று அந்தப் புள்ளிகளை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டீர்கள். ஒரு மெனுவை அச்சமில்லாமல் திறந்து பார்த்துக் கற்றுக்கொள்கிற வழியையே அதோடு எடுத்துவிட்டீர்கள்.

பெயரை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மாற்ற வேண்டிய பெயர்கள் எவ்வளவோ இருக்கின்றன. எக்லிப்ஸில் அமைப்புகளைத் தேடுகிறவர் ‘விண்டோ’ மெனுவுக்குள் போய் ‘பிரிஃபரன்சஸ்’ என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்களோ, அவரிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆனால் மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கிட்டையே பாருங்கள். ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை பிராஞ்ச் மாறுவதற்கும் பயன்பட்டது, ஃபைலில் செய்த மாற்றத்தை எறிவதற்கும் பயன்பட்டது. பெயரில் தெரியாத அந்த இரண்டாவது வேலையால் நிறையப் பேர் நிறைய இழந்தார்கள். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் அதைப் பிரித்து, பிராஞ்ச் மாற ‘ஸ்விட்ச்’, ஃபைலை மீட்க ‘ரெஸ்டோர்’ என்று இரண்டு கட்டளைகளைக் கொண்டுவந்தார்கள். கூடவே பழைய ‘செக்அவுட்’டையும் அப்படியே விட்டுவைத்தார்கள். யாருடைய ஸ்கிரிப்டும் உடையவில்லை, யாரும் ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாகப் பழக வேண்டியதில்லை. அவர்கள் ஒன்றை இரண்டாகப் பிரித்தார்கள், விளைவு வேறு வேறு என்பதால். நீங்கள் விளைவு வேறு வேறான மூன்றை ஒன்றாக்கினீர்கள்.

2012 விஷுவல் ஸ்டுடியோவில் (இது மேலே சொன்ன ‘கோடு’ இல்லை, வேறு கருவி) மேல் மெனுவின் பெயர்களை முழுக்கப் பெரிய (கேப்பிடல்) எழுத்தாக மாற்றினார்கள். சொல் ஒன்றுகூட மாறவில்லை, எழுத்து வடிவம் மட்டும்தான். அதற்கே அவ்வளவு எதிர்ப்பு. அடுத்து வந்த 2013 பதிப்பில், வேண்டாம் என்றால் அணைத்துக்கொள்ளலாம் என்று ஆப்ஷன்ஸில் ஒரு தேர்வு வைத்தார்கள். கேட்டார்கள், வழிவிட்டார்கள். உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பதும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

இனி எங்கள் கோரிக்கைகள். முதலாவதும் அவசரமானதும்: அடுத்த பெரிய பதிப்பு வரை காத்திருக்காமல், அடுத்த பிழைதிருத்த வெளியீட்டிலேயே ‘கிளீன் அப்’ என்ற பெயரை எடுங்கள். மாற்றங்களை எறிவதும் புது ஃபைல்களை அழிப்பதும் இரண்டு தனி வரிகளாக இருக்கட்டும். ஒன்றுக்கு ‘டிஸ்கார்ட் சேஞ்சஸ்’, மற்றதற்கு ‘டெலிட் அன்ட்ராக்டு ஃபைல்ஸ்’ போதும், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வரும் பெட்டியில் எந்தெந்த ஃபைல்கள் என்று பட்டியல் இருக்க வேண்டும். பட்டனில் ‘ஓகே’ வேண்டாம், ‘டெலிட்’ என்றே எழுதுங்கள். அழிப்பதை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புங்கள்.

ஃபெட்ச், புல், புஷ் மூன்றையும் தனித்தனியாகத் திருப்பிக் கொடுங்கள். சிங்க் பிடித்தவர்களுக்கு அதுவும் இருக்கட்டும், ஆனால் எந்த பிராஞ்சுக்கு எத்தனை கமிட்டுகள் போகப்போகின்றன என்று அழுத்துமுன் சொல்லட்டும். மோதல் பட்டன்களில் ‘மைன்’, ‘தெர்ஸ்’ எடுத்துவிட்டு பிராஞ்ச் பெயரைப் போடுங்கள், ரீபேஸில் முக்கியமாக. கட்டளைத் தேடலில் உங்கள் பழைய பெயர்களையும், மற்ற கருவிகளில் அதே வேலைக்குப் புழங்கும் பெயர்களையும் சேருங்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்துத் தர எங்கள் குழு தயார். மூன்று புள்ளிகளைத் திரும்ப வையுங்கள். ‘மேனேஜ்’ வரிசையில் பொருளின் பெயர் முன்னால் வரட்டும், மாறிய ஆல்ட் எழுத்துகளைப் பழையபடி ஆக்குங்கள். அதைப் பற்றிய எங்கள் சக புரோகிராமரின் புகாருக்கு அவரிடமே நேரடியாகப் பதில் எழுதுங்கள்.

இனிமேல் ஒரு மெனுப் பெயரை மாற்றும் எண்ணம் வந்தால், உங்கள் குழுவுக்கு வெளியே சிலரிடம் அந்தப் பெயரை மட்டும் காட்டி, ‘இதை அழுத்தினால் உங்கள் ஃபைல்களுக்கு என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். ஐகானையும் விளக்கத்தையும் காட்ட வேண்டாம். அவர்கள் சொன்ன பதில்களை மாற்றத்தோடு சேர்த்து எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். மாறும் பெயர்களின் பட்டியல், பழையது புதியது என்று அருகருகே, ஒரு பதிப்புக்கு முன்னதாகவே வெளியீட்டுக் குறிப்பில் வர வேண்டும்.

பூட்டிய புகாரைத் திறந்து, இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், எந்தப் பதிப்பில் என்று அங்கேயே எழுதுங்கள். அதுவரை எங்கள் குழுவின் எல்லாக் கணினிகளிலும் முந்தைய பதிப்பே இருக்கும், தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம். பாதுகாப்புத் திருத்தங்களும் அதனால் எங்களுக்கு வராமல் நிற்கின்றன. ஆகவே பதிலைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் எடிட்டரில் வேலை செய்யும் ஒரு டெவலப்பர் குழுவின் சார்பில்